படிக்க வந்தவன் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க

நேத்து சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்கு ஒரு எட்டு போயிருந்தேன். 73 வயசு அவருக்கு. திண்ணையில உட்கார்ந்திருந்தாரு, பக்கத்துல செல்போன் குப்புறக் கிடந்துச்சு. "என்ன பெரியப்பா, இப்பல்லாம் போன்ல பத்திரிகை படிக்கிறதில்லையா?"ன்னு கேட்டேன்.

"தொட்டாலே பயமா இருக்குடா தம்பி. எங்க தொட்டா எங்க கொண்டுபோய் விடுவான்னு தெரியல. விட்டுட்டேன்"ன்னாரு.

அந்த வார்த்தை ராத்திரி பூரா என்னைத் தூங்க விடல. ஏன்னா எங்க ஊர்ல படிப்புன்னா அது பெரியப்பாதான். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து டீக்கடை பெஞ்சில உட்கார்ந்து வாரப் பத்திரிகையைச் சத்தமா வாசிப்பாரு. எழுத்துக் கூட்டத் தெரியாதவங்க பத்துப் பேரு சுத்தி நின்னு கேப்பாங்க. தொடர்கதையில இந்த வாரம் என்னாச்சுன்னு தெரிஞ்சுக்கவே களையெடுக்கப் போற பொம்பளைங்க அவர் வீட்டு வழியா சுத்திக்கிட்டுப் போவாங்க. நான் பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடத்துல படிச்சேன். ஆனா படிக்கிற ஆசை வந்தது பெரியப்பாகிட்ட இருந்துதான். அப்படிப்பட்ட மனுசன் படிக்கப் பயமா இருக்குங்கிறாரு.

இதுக்கு யாரு பொறுப்பு? அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். விளம்பரமே கூடாதுன்னு சொல்ற ஆள் இல்ல நான். நாமளும் விளைய வெச்சு விக்கிறவங்கதானே. சந்தையில கூவாம வித்தா சாயங்காலம் தக்காளியை மாட்டுக்குத்தான் கொட்டணும். தமிழ்ப் பத்திரிகையே விளம்பரத்தாலதான் வளந்துச்சு. 1928ல ஆனந்த விகடனை விலைக்கு வாங்கி நடத்தின எஸ்.எஸ்.வாசன் யாரு? விளம்பரத் தொழில்ல இருந்து வந்தவருதான். பெரியப்பா பரண்ல இன்னமும் பழைய பத்திரிகை கட்டுக் கட்டா இருக்கு. எடுத்துப் பாருங்க, பல்பொடி, தைலம், காபித்தூள், சோப்புன்னு பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம்தான். ஆனா அந்தப் பல்பொடிக்காரரு கட்டத்துக்குள்ள சிரிச்சுக்கிட்டு நிப்பாரு. நீங்க கதை படிக்கிறப்ப கட்டத்தை விட்டு எறங்கி வந்து உங்க கண்ணைப் பொத்த மாட்டாரு.

எங்க பக்கத்துல சுவர் விளம்பரம் ரொம்ப சகஜம். அரியலூரைச் சுத்தி சிமெண்ட் ஆலை இருக்கிறதால ரோட்டோரச் சுவர் பூரா சிமெண்ட் விளம்பரமாத்தான் இருக்கும். எங்க வீட்டுச் சுவத்துலயும் ஒருக்கா எழுதினாங்க. வந்து கேட்டாங்க, சரின்னேன், சுண்ணாம்பு அடிச்சு எழுதிட்டுப் போனாங்க. எந்தச் சுவரு, எம்மாம் பெரிசு, என்ன சரக்குன்னு தெரிஞ்சுதான் நான் தலையாட்டினேன். எழுதினவன் வீட்டுக்குள்ள வந்து சோத்துப்பானை மேல எழுதல.

இன்னைக்குப் பத்திரிகைக்காரங்களோட இணையப் பக்கத்துல நடக்குறது என்னன்னா, சோத்துப்பானை மேல மட்டும் இல்ல, சோத்து மேலயே எழுதுறான்.

விவசாயம் எனக்குத் தொழில். விவசாயப் பத்திரிகை படிக்கிறது எனக்குப் பொழுதுபோக்கு. இது ரெண்டும் வேற வேற. எனக்கு ஏலக்காய்த் தோட்டம் கிடையாது, ஆனா ஏலக்காய் பத்திப் போட்டிருந்தா படிப்பேன். நாட்டுக்கோழி, மாடித்தோட்டம், தேனீ, பாரம்பரிய விதைன்னு எது கிடைச்சாலும் விட மாட்டேன். மத்தியானம் கஞ்சி குடிச்சுட்டு மோட்டார் கொட்டகை நெழல்ல அரை மணி நேரம். அதுதான் என் சினிமா, அதுதான் என் சீட்டாட்டம். முன்னாடி காகிதத்துல படிச்சேன். கொரோனாவுக்கு அப்புறம் எங்க ஊர்க் கடைக்குப் பாதிப் பத்திரிகை வர்றதில்ல. 1941ல ஆரம்பிச்ச கல்கியே 2020ல அச்சை விட்டுட்டு இணையத்துக்குப் போயிடுச்சு. அதனால நாங்களும் போனுக்குப் போனோம். ஆசைப்பட்டுப் போகல, வேற வழி இல்ல.

போன புரட்டாசியில என் முக்கா ஏக்கர் சின்ன வெங்காயத்துல திருகல் விழுந்துச்சு. பெரம்பலூர் மாவட்டத்துல, அதுவும் செட்டிகுளம் ஆலத்தூர்ப் பக்கத்துல வெங்காயம் போடுறவங்களுக்குத் திருகல்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்குச் சொல்றேன். தாள் சுருண்டு முறுக்கிக்கும், கழுத்து நீண்டுக்கும், காய் திரளாது. மழை விட்டு விட்டுப் பெஞ்சு ஈரம் தங்குறப்ப பூஞ்சாணத்தால வர்றது. காலையில கொல்லைக்குப் போனப்ப ரெண்டு பாத்தி நல்லாருந்துச்சுன்னா சாயங்காலம் அதுலயும் சுருண்டிருக்கும்.

வரப்புல நின்னுக்கிட்டே போன்ல தேடினேன். நான் நம்பிப் படிக்கிற ஒரு மாத இதழோட பக்கம் வந்துச்சு. பேரு வேண்டாம். தலைப்பு சரியா நான் தேடினதுதான். தொறந்தேன். முதல்ல திரை பூரா ஒரு கார் வந்துச்சு. அதை மூடினா "அறிவிப்பு அனுப்பலாமா?"ன்னு ஒரு பெட்டி. அதை மூடினா கீழ ஒரு வீடியோ தானா பாட ஆரம்பிச்சுது. நாலு வரி படிச்சா ஒரு படம், மறுபடி மூணு வரி, மறுபடி படம். எழுத்து ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. மேல விளம்பரம் வந்து எறங்குறப்பல்லாம் படிச்சுக்கிட்டிருந்த வரி கீழ ஓடிப் போகுது.

"திருகல் நோயைக் கட்டுப்படுத்தும் முறை"ன்னு ஒரு வரி. அதுக்கு நேர் கீழ, அதே மாதிரி எழுத்துல, அதே கலர்ல, வெங்காயப் படம் போட்டு ஒரு மருந்து. "முழு விவரம்"னு ஒரு பட்டன். நான் கட்டுரையோட மீதிதான் அதுன்னு நெனச்சு அமுக்கினேன். வேற எங்கயோ போச்சு. போன் நம்பர் கேட்டுச்சு, குடுத்தேன். அஞ்சு நிமிசத்துல ஒரு பையன் கூப்பிட்டான். "ஐயா, கவலைப்படாதீங்க, ஒரே அடியில நிக்கும்"னான். பத்திரிகையில வந்த மருந்துதானேன்னு நம்பிச் சரின்னேன். நாலாம் நாள் பார்சல் வந்துச்சு. 1,450 ரூபாய் குடுத்து வாங்கினேன்.

அடிச்சேன். நிக்கல.

பாட்டிலை எடுத்துக்கிட்டு விவரம் தெரிஞ்ச ஒரு வேளாண்மை அலுவலர்கிட்டப் போனேன். அவரு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல பதிவு எண் எங்கண்ணே? முக்கோணம் எங்க?"ன்னாரு. பூச்சி மருந்தோ பூஞ்சாண மருந்தோ, 1968ஆம் வருசத்துச் சட்டப்படி பதிவு பண்ணித்தான் விக்கணும். லேபிள்ல பதிவு எண் இருக்கணும், விஷத்தோட வீரியத்தைக் காட்டுற செவப்பு, மஞ்சள், நீலம், பச்சைக் கலர்ல ஒண்ணு இருக்கணும். முப்பது வருசமா மருந்தடிக்கிறவன் நான், எனக்கு இது தெரியாதா? தெரியும். உரக்கடையில வாங்குனா முதல் காரியமா அதைத்தான் பாப்பேன். பத்திரிகையில வந்ததுங்கிறதால பாக்கல.

அதுக்கு அப்புறம் ஒரு நாள் அதே கட்டுரையைப் பொறுமையாத் தொறந்து கடைசி வரைக்கும் படிச்சேன். விதைக்காயை டிரைக்கோடெர்மா விரிடியில நேர்த்தி பண்ணணும், தண்ணி தேங்க விடக்கூடாது, திருகல் விழுந்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தணும், அதே நெலத்துல வருசா வருசம் வெங்காயத்தையே போடக்கூடாதுன்னு நல்லாவே எழுதியிருந்தாங்க. எந்த மருந்தை லிட்டருக்கு எவ்வளவு கலக்கணும்னும் இருந்துச்சு. நான் அமுக்கின பட்டனுக்கு ரெண்டு தள்ளு கீழ. எழுதின தம்பியைக் குத்தம் சொல்லவே மாட்டேன். அவரு எனக்குச் சோறு போட்டாரு. அவரோட முதலாளி இலையை உருவிட்டாரு.

எட்டு நாள் போச்சு. அந்த எட்டு நாள்ல அரை ஏக்கர் போச்சு.

கோவத்துல அன்னைக்கு ஒரு காரியம் பண்ணேன். அந்தக் கட்டுரையை மேல இருந்து கீழ வரைக்கும் எத்தனை தடவை பெருவிரலால தள்ளுறேன்னு எண்ணினேன். 19 தள்ளு. அதுல 7 தள்ளுதான் எழுத்து. மீதி 12ம் விளம்பரம். நூத்துக்கு அறுபதுக்கு மேல. இதுக்கு ஒரு கணக்கு உலகத்துலயே இருக்கு. விளம்பரக் கம்பெனிகளும் இணையக் கம்பெனிகளும் சேர்ந்து வெச்ச ஒரு விதிப்படி, போன்ல ஒரு பக்கத்தோட நீளத்துல விளம்பரம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. படிக்கிறதை மறைக்கிற மாதிரி மேல வந்து விழக் கூடாது. தானா சத்தம் போடக் கூடாது. பளிச் பளிச்னு மின்னக் கூடாது. இந்த விதியை மீறுற தளங்கள்ல விளம்பரத்தையே காட்ட மாட்டோம்னு கூகுள் குரோம் 2018 பிப்ரவரியில ஆரம்பிச்சு 2019 ஜூலையில உலகம் பூராவுக்கும் கொண்டு வந்துச்சு. கூகுளே விளம்பரத்துல சம்பாதிக்கிற கம்பெனிதான். அவனே போதும்டா சாமின்னு ஒரு வரப்பு போட்டான். அந்த வரப்பைத் தாண்டித்தான் நம்மாளுங்க மேய்ஞ்சுக்கிட்டிருக்காங்க.

இது விவசாயப் பத்திரிகையில மட்டும்னு நெனைக்காதீங்க. என் மருமக சமையல் பத்திரிகைப் பக்கம் பாக்குறா. வத்தக்குழம்புக்கு என்னென்ன சாமான்னு தேடி எடுக்கிறதுக்குள்ள அடுப்புல தாளிப்பு கருகிடுதுங்கிறா. ஜெயங்கொண்டத்துல முந்திரிக் கொல்லை வெச்சிருக்கிற என் மச்சான் புறாப் பைத்தியம். புறா பத்திப் படிக்கப் போனா, சக்கரை நோயை 21 நாள்ல வேரோட அறுக்கிற பொடின்னு விளம்பரம் வருதாம். அவருக்குச் சக்கரை இருக்கு. தேடிப் பிடிச்சுத்தான் வருது பாருங்க. தையல், கோலம், மீன் தொட்டி, ஜாதகம், எந்த ஆசையோட போனாலும் இதே கதிதான்.

பொழுதுபோக்குப் பத்திரிகை படிக்க வர்றவன் எப்படிப்பட்ட மனநிலையில வர்றான்னு யோசிச்சுப் பாருங்க. நியூஸ் படிக்கிறவன் சந்தேகத்தோட படிப்பான். கட்சிப் பத்திரிகை படிக்கிறவன் பாதியைத் தள்ளிட்டுப் படிப்பான். புறா பத்தியும் ரோஜாச் செடி பத்தியும் படிக்கிறவன் மனசைத் தொறந்து வெச்சுக்கிட்டு, நம்ம ஆளு நமக்குச் சொல்றாருன்னு படிக்கிறான். கதவைத் தாழ் போடாம தூங்குற வீடு மாதிரி. அந்த வீட்டுக்குள்ளதான் கண்டவனையும் அனுப்பி வைக்கிறாங்க.

யாரை அனுப்புறோம்னு அனுப்புறவங்களுக்கே தெரியாதுங்கிறதுதான் இதுல பெரிய கொடுமை. எங்க வீட்டுப் பையன் வெளக்கிச் சொன்னான். நாம பக்கத்தைத் தொறந்த நொடியில, இந்த ஆளு இந்த ஊரு, இப்படிப்பட்டதைத் தேடுறவன்னு ஒரு ஏலம் நடக்குதாம். கண் மூடித் தொறக்குறதுக்குள்ள யாரு அதிகம் கேக்குறானோ அவன் விளம்பரம் வந்து விழுது. பத்திரிகை ஆசிரியர் அதைப் பாத்திருக்கவே மாட்டாரு. எங்க வெங்காய மண்டியில கூட ஏலம் விடுறப்ப சரக்கை அள்ளிப் பாப்பாங்க, யாரு கேக்குறாங்கன்னு முகத்தைப் பாப்பாங்க. இங்க சரக்கு நாமதான், நம்மளை ஏலம் விடுறது நமக்கே தெரியாது.

இணையத்துல முதல் முதலா பட்டை விளம்பரம் வந்தது 1994 அக்டோபர்ல, அமெரிக்காவுல ஒரு பத்திரிகையோட இணையப் பக்கத்துலதான். அதுக்கு அப்புறம் சில வருசத்துல, தானா குதிச்சு வர்ற விளம்பரத்துக்கு நிரல் எழுதினவர்ல ஒருத்தர் ஈத்தன் சக்கர்மேன். அசிங்கமான பக்கத்துல எங்க கார் விளம்பரம் வந்துடுச்சுன்னு ஒரு கார் கம்பெனி கோவப்பட்டதால, விளம்பரத்தைத் தனிச் சன்னல்ல காட்டுவோம்னு ஆரம்பிச்சாங்களாம். 2014ல அவரே பத்திரிகையில கட்டுரை எழுதி, நான் பண்ணது தப்பு, மன்னிச்சுக்குங்கன்னு கேட்டுக்கிட்டாரு. கண்டுபிடிச்சவரே மன்னிப்புக் கேட்டாச்சு. எங்க ஊர்ல இதை வெச்சுப் பொழைக்கிறவங்க மட்டும் இன்னும் கேக்கல.

சட்டம் இல்லாமலும் இல்ல. சக்கரை நோயைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்றதை 1954லயே தடை பண்ணியாச்சு. பொதுமக்களை ஏமாத்துற மாதிரி பட்டனும் பெட்டியும் வைக்கிறதை 13 வகையாப் பிரிச்சு, இதெல்லாம் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல வழிகாட்டு விதி போட்டுச்சு. விளம்பரத்தைக் கட்டுரை மாதிரி வேஷம் கட்டிக் காட்டுறது அதுல ஒண்ணு. திரும்பத் திரும்ப வந்து நச்சரிக்கிறது ஒண்ணு. "இன்னும் ரெண்டுதான் பாக்கி, இப்பவே வாங்குங்க"ன்னு பொய்யா அவசரப்படுத்துறது ஒண்ணு. பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்துக்கும் அதோட விளம்பரத்துக்கும் சேத்து 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டுச்சு. ரம்மியில பணத்தை விட்டுட்டுத் தூக்கு மாட்டிக்கிட்ட பிள்ளைங்க செய்தியை எத்தனை நாள் படிச்சோம் நாம. அதே செய்திக்குக் கீழயே ரம்மி விளம்பரத்தையும் பார்த்தோமே, மறந்து போச்சா?

2019ஆம் வருசத்து நுகர்வோர் சட்டப்படி ஏமாத்து விளம்பரம் குடுத்தவனுக்கு மட்டும் இல்ல, வெளியிட்டவனுக்கும் 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். ஆனா வழக்கமான தொழில் போக்குல வெளியிட்டோம்னு காட்டிட்டா தப்பிச்சுக்கலாம்னு அதுலயே ஒரு சந்து இருக்கு. எனக்கு அந்தச் சந்துதான் உறுத்துது. ஊர்ச்சந்தையில குத்தகைக்காரன் எல்லாருக்கும் எடம் விடுறான். ஒருத்தன் அழுகல் மீனை வித்தா, "நான் எடம்தானே விட்டேன்"னு குத்தகைக்காரன் சொன்னா ஊரு விடுமா? அடுத்த வாரம் அவனை நிக்க வெச்சுக் கேக்கும். பணத்தை எண்ணி வாங்கிக்கிட்டு, யாரு குடுத்தான்னு பாக்கலன்னு சொல்றது நாயம் இல்லீங்க.

அவங்க பக்கத்து நாயத்தையும் சொல்லணும். காகித வெலை ஏறிடுச்சு, ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும், இணையத்துல யாரும் காசு குடுத்துப் படிக்க மாட்டேங்குறாங்க, விளம்பரம் இல்லன்னா கடையை மூட வேண்டியதுதான்னு சொல்றாங்க. உண்மைதான். ஓசியில படிச்சுப் பழகினது நம்ம தப்பு, அதை ஒத்துக்கறேன். ஒரு டீயும் வடையும் கூட இருவது ரூபாய்க்கு மேல போயிடுச்சு, மாசத்துக்கு நூறு ரூபாய் பத்திரிகைக்குக் குடுக்க யோசிக்கிறோம்.

ஆனா இதையும் கேட்டுக்குங்க. நான் காசு கட்டிப் பாத்தவன். ஒரு வருசச் சந்தா கட்டினேன். கட்டின பிறகும் விளம்பரம் வந்துச்சு, கொஞ்சம் கொறஞ்சுச்சு, அவ்வளவுதான். பணம் குடுத்து பஸ்ஸுல சீட்டுப் பிடிச்சும் மடியில மூட்டையை வெச்ச கதை. அப்புறம் எவன் கட்டுவான்?

விளம்பரமே வேண்டாம்னு வெச்சு நடத்தினவங்களும் இருக்காங்க. காந்தி தென்னாப்பிரிக்காவுல நடத்தின இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில 1912ல விளம்பரத்தை நிறுத்தினாரு. நஷ்டம்னு தெரிஞ்சேதான் நிறுத்தினாரு. 1903ல தமிழ்லயும் சேத்து வர ஆரம்பிச்ச பத்திரிகை அது. அங்க இருந்த நம்ம தமிழ்க் கூலி ஜனங்க படிச்சது. அந்த அளவுக்கு இப்ப யாரையும் கேக்கல. காந்தி மாதிரி இருன்னு சொன்னா நானே இருக்க மாட்டேன். விளம்பரம் போடுங்க, அது எடத்துல போடுங்கன்னுதான் சொல்றேன்.

அந்தத் தளங்களை நடத்துறவங்களுக்கு ஒரு விஷயம் புரியல. வாசகன் சண்டை போட மாட்டான். கடிதம் எழுத மாட்டான். சத்தமில்லாம எந்திரிச்சுப் போயிடுவான். எங்க போறான்? எங்க ஊர்ல பாக்குறேனே. வாட்ஸ்அப்புக்குப் போறான், யூடியூப்புக்குப் போறான். அங்க யாரோ ஒருத்தர் குடையைப் பிடிச்சுக்கிட்டு வயல்ல நின்னு, "இதையும் அதையும் கலந்து அடிங்க"ன்னு சொல்றாரு. அவரு யாரு, என்ன படிச்சாரு, எந்த ஊரு மண்ணு, ஒண்ணும் தெரியாது. கேட்டு அடிக்கிறான்.

இது வெளையாட்டு இல்ல. 2017ல எங்க பெரம்பலூர் மாவட்டத்துலயே பருத்திக்கு மருந்தடிச்சவங்க அந்த விஷக் காத்தைச் சுவாசிச்சு செத்துப் போனாங்க. பருத்தி ஆளுயரம் வளந்த கொல்லையில, வாயை மூடாம, காத்துக்கு எதிர்ல நின்னு, வீரிய மருந்தை அடிச்சா என்ன ஆகும்னு அந்த வருசம்தான் எங்களுக்கு உறைச்சுது. அதுக்கு அடுத்த வருசம், 2018ல, மக்காச்சோளத்துல படைப்புழு வந்து பெரம்பலூர் அரியலூர் ரெண்டு மாவட்டத்தையும் மொட்டை அடிச்சுது. புதுப் புழு. எங்க அப்பனும் பாத்ததில்ல, பாட்டனும் பாத்ததில்ல. அந்த மாதிரி நேரத்துல ஒரு விவசாயிக்கு வேண்டியது தெளிவா எழுதின ஒரு பக்கம். டேங்குக்கு எத்தனை மில்லி, எந்த நேரத்துல அடிக்கணும், எதோட எதைக் கலக்கக் கூடாது, அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுக்கலாம். அந்த "எத்தனை மில்லி"ங்கிற வரி மேல கார் விளம்பரம் உட்கார்ந்திருந்தா, அவன் பக்கத்து வரப்புக்காரனைக் கேட்டுக் குத்துமதிப்பா ஊத்துவான்.

ஒரு நல்ல உதாரணமும் சொல்றேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட இணையப் பக்கத்தைப் பாருங்க. பழைய மாதிரிதான் இருக்கும், அழகு கிடையாது. ஆனா எழுத்து நின்ன எடத்துல நிக்கும். தமிழ் விக்கிப்பீடியாவுல விளம்பரமே கிடையாது, அப்பப்ப நன்கொடை கேப்பாங்க, அவ்வளவுதான். படிக்கிற எடம் அப்படியும் இருக்கலாம்ங்கிறதுக்காகச் சொல்றேன். ஆனா பல்கலைக்கழகம் பத்திரிகை ஆக முடியாது. ஒரு ஊரு விவசாயி தன் கத்திரிக்காயைப் பத்திச் சொல்ற கதை அங்க வராது. அது பத்திரிகையிலதான் வரும். அதனாலதான் பத்திரிகை மேல எனக்கு இவ்வளவு கோவம். வேண்டாதவங்க மேல கோவம் வராதுங்க.

நான் கேக்குறது அஞ்சே அஞ்சு.

ஒண்ணு, விளம்பரத்துக்கு மேல "விளம்பரம்"னு தமிழ்ல, கட்டுரை எழுத்து அளவுக்கே எழுதுங்க. பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்குற அளவுக்கு வேண்டாம்.

ரெண்டு, மூடுற பெருக்கல் குறி நெசமா மூடணும். மம்பட்டி பிடிச்சுக் காய்ச்ச பெருவிரலுக்கு எட்டுற அளவுக்கு இருக்கணும். படத்துலயே பொய்யா பெருக்கல் குறி வரையறவனை உள்ள விடாதீங்க.

மூணு, கட்டுரை நடுவுல எழுத்தை ஓட விடாதீங்க. மேலயும் கீழயும் எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்குங்க.

நாலு, மருந்து, விதை, உரம், வைத்தியம், கடன், இந்த அஞ்சு சரக்கையும் ஏலத்துல விடாதீங்க. உங்க ஆளு ஒருத்தர் பாட்டிலைத் திருப்பிப் பதிவு எண்ணைப் பாத்துட்டுப் போடட்டும். எங்க உசுரு சம்பந்தப்பட்டது.

அஞ்சு, காசு கட்டினவனுக்கு ஒண்ணுகூடக் காட்டாதீங்க. கட்டுறேன். நாலு பேரைக் கட்டவும் வைக்கிறேன்.

படிக்கிறவங்களுக்கும் சொல்ல இருக்கு. எங்களை மாதிரி ஆளுங்க வயசானவங்க கையில போனைக் குடுத்துட்டுப் போயிடறோம். ஒரு நாள் கூட உட்கார்ந்து, எது கட்டுரை எது விளம்பரம்னு காட்டிக் குடுங்க. "அறிவிப்பு அனுப்பலாமா"ன்னு கேட்டா வேண்டாம்னு அமுக்கச் சொல்லுங்க. பயிருக்கு நோய்னா போனை நம்பிப் பார்சல் வரவழைக்காதீங்க. வாலிகண்டபுரத்துலயும் சோழமாதேவியிலயும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, செடியைப் பிடுங்கிக்கிட்டு நேராப் போங்க. ஏமாந்துட்டா வெக்கப்பட்டு மூடி வைக்காதீங்க. 1915ங்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்க. வெக்கப்பட வேண்டியது நாம இல்ல.

வெக்கம்னு சொன்னதும் பெரியப்பாகிட்டயே வர்றேன். நேத்து கெளம்புறப்ப பெரியம்மா என்னை வாசல் வரைக்கும் வந்து விட்டப்ப மெதுவா சொன்னாங்க. ஒரு மாசம் முன்னாடி பெரியப்பா பேத்தியைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு முருங்கை சாகுபடி பத்திச் சத்தமாப் படிச்சுக் காட்டியிருக்காரு, டீக்கடையில படிச்ச மாதிரியே. நடுவுல ஒரு விளம்பரம் மறைச்சுது. மூடப் போனாரு. மூடல, தொறந்துக்கிச்சு. அரைகுறைத் துணியோட ஒரு பொண்ணு படம் திரை பூரா. சத்தம் வேற. எப்படி நிறுத்துறதுன்னு தெரியாம போனைக் குப்புறப் போட்டுக் கையால அமுக்கிக்கிட்டே உட்கார்ந்திருந்தாராம். பேத்தி ஒண்ணும் பேசாம எந்திரிச்சு உள்ள போயிடுச்சாம். அன்னைக்கு விட்டவருதான்.

அம்பது வருசமா ஊருக்கே படிச்சுக் காட்டினவரு. அவரு போன் இன்னமும் அந்தத் திண்ணையில குப்புறத்தான் கிடக்கு. அந்தப் படத்தைக் காட்டினதுக்குப் பத்திரிகைக்கு என்ன கிடைச்சிருக்கும்? ஆயிரம் பேரு பாத்தா இவ்வளவுன்னு கணக்கு. ஒருத்தர் பாத்ததுக்குப் பைசாக் கணக்குதான் வரும். அந்தச் சில பைசாவுக்கு அவங்க இழந்தது யாரைன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்னைக்குக் காலையில பரண்ல இருந்து பழைய பத்திரிகைக் கட்டு ஒண்ணை எறக்கி, தூசி தட்டி, அவர் திண்ணையில வெச்சுட்டுக் கொல்லைக்கு வந்தேன். மத்தியானம் திரும்பி வர்றப்ப தூரத்துலயே சத்தம் கேட்டுச்சு. படிச்சுக்கிட்டிருந்தாரு.